பி. கிருஷ்ணராஜ் எழுதியது

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு கிருஷ்ணராஜ் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, செத்துப்போன மகன்மேல் பழி போட்டுக் கையெழுத்திடக் கிளம்பினார். சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தன. ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று. முப்பது வருஷம் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவருக்கு முன்யோசனை மட்டும் ரிட்டயர் ஆகவில்லை.

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள் இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஆறு வாரத்துக்கு முன், ஜூன் மழையில், நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு கிடங்கு கட்டத் தோண்டிய அஸ்திவாரக் குழி சரிந்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் உயிரோடு வரவில்லை. ஒருவன் கிருஷ்ணராஜின் மகன் பரத், சூப்பர்வைசர், இருபத்துநாலு வயது. இன்னொருவன் ராமாபுரத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த லிங்கப்பன்.

கட்டடக் கம்பெனி மாலை போட்டு வருத்தம் தெரிவித்தது. மாலை வாடுவதற்குள் ஒரு தாளையும் நீட்டியது. 'எஞ்சினியர் உத்தரவு இல்லாமல், என் மகன் தன் இஷ்டத்துக்கு லிங்கப்பனையும் இறக்கிவிட்டுத் தானும் இறங்கினான்.' அதன் கீழே அப்பா கையெழுத்துப் போட்டால், பரத்தின் தங்கச்சி பிரதிபாவுக்குக் கம்பெனி ஆபீசில் வேலை. மேஜை, நாற்காலி, தலைக்குமேல் ஃபேன். ஃபேனை மேனேஜர் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"ஒரு வாரம் தள்ளிப் போடலாமில்லப்பா?" வாசலில் செருப்பைத் தேடிய அப்பாவிடம் பிரதிபா கேட்டாள்.

"தள்ளிப் போட்டா வேலையும் தள்ளிப் போயிடும். பி.ஏ. இங்கிலீஷ் படிச்சவங்க இந்த மைசூர்ல தெருவுக்கு நாலு பேரு."

"அண்ணா அப்படி இறங்கற ஆளா?"

"இல்ல." கிருஷ்ணராஜ் ஒரு செருப்பை மாட்டினார். "போனவனுக்கு இனிமே பேரு எதுக்கு? இருக்கறவளுக்குத்தான் வேணும்."

சமையலறையிலிருந்து பொன்னம்மா சித்ரான்னம் கட்டிய டப்பாவோடு வந்தாள். ஆறு வாரமாக அவள் வீட்டுக்காரரிடம் பேசியது மொத்தம் இருபது வாக்கியம் இருக்கும்.

"சாப்பிட்டுட்டுப் போடுங்க கையெழுத்து. வெறும் வயித்துல போட்டா கை நடுங்கும்."

கிருஷ்ணராஜ் டப்பாவை வாங்கிக்கொண்டார். அது அக்கறையா குத்தலா என்று பார்ப்பதுபோல் ஒரு நொடி நின்றார். பிறகு நஞ்சன்கூடு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அப்பாவுக்குத் தெரியாத காரியம் ஒன்றைப் பிரதிபா போன சனிக்கிழமையே செய்துவிட்டிருந்தாள். கையெழுத்து விழுவதற்குள் அதற்குப் பலன் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பரத் தானும் செத்து, லிங்கப்பனையும் கொன்றவன் என்று தாளில் ஏறிவிடுவான். தாளில் ஏறியதை இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று ரயில்வே குமாஸ்தா மகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

*

சரஸ்வதிபுரத்தில் சுஹாஸ் நடத்தும் சைபர் கஃபேயில் நாலு கம்ப்யூட்டர்கள். மூன்று வேலை செய்யும். சுவரில் ஒரு அட்டை: 'இலவச ஹோம் பேஜ்! கோடிங் தெரிய வேண்டாம்! பத்தே நிமிடம்!' சுஹாஸுக்குமே கோடிங் தெரியாது. அந்த வகையில் விளம்பரம் உண்மை.

போன சனிக்கிழமை பத்து நிமிடம் என்றது இரண்டரை மணி நேரம் ஆனது. முதலில் பக்கத்துக்கு ஒரு ஜோடனையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. கல்யாணம், பிறந்த நாள், புதுக் குழந்தை, செல்ல நாய், என் குடும்பம் என்று ஐந்து இருந்தன. சாவுக்கு எதுவும் இல்லை. உள்ளதற்குள் பக்கத்தில் வந்தது என்று 'என் குடும்பம்' எடுத்தாள். பலூன்கள் பறந்தன. அவற்றை அடக்கவே அரை மணி நேரம்.

பிறகு பெயர் கேட்டது. முதல் கட்டத்தில் பிரதிபா என்று அடித்தாள். இரண்டாவது கட்டத்தில் குடும்பப் பெயர் கேட்டது. குடும்பத்தில் யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது. இனிஷியலை, 'கே' என்று ஒற்றை எழுத்தைப் போட்டாள். கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. குறைந்தது இரண்டு எழுத்து வேண்டுமாம்.

"அதுக்கு இனிஷியல் எல்லாம் ஆகல்லரீ," என்றான் சுஹாஸ். அவன் வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம். அவசரம் வந்தால் இரண்டையும் கலந்து இரண்டையும் கெடுப்பான். "விரிச்சுப் போடுங்க. தந்தே பேரு என்ன?"

விரித்து கிருஷ்ணராஜ் என்று போட்டாள். கம்ப்யூட்டர் சந்தோஷமாக அடுத்த கட்டத்துக்குப் போயிற்று.

மொத்தம் பத்து வரிதான் எழுதினாள், இங்கிலீஷில். பரத் மூன்று தடவை எஞ்சினியரிடம் குழிச் சுவருக்குப் பலகை முட்டு கேட்டான், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள், திங்கட்கிழமை காலை மழையோடு இறங்கச் சொன்னார்கள், இறங்கினான். நடுவில் ஒரு வரியை மட்டும் ஏழு தடவை எழுதி எழுதி அழித்தாள். எட்டாவது தடவை எழுதியதை அப்படியே விட்டாள்.

எல்லாம் முடிந்ததும் பக்கத்தின் தலையில் ஒரு படம் தானாக வந்து உட்கார்ந்தது. மஞ்சள் தொப்பி போட்ட குட்டி ஆள். கையில் மண்வெட்டி. நிறுத்தாமல் குழி தோண்டிக்கொண்டே இருந்தான். பக்கம் இன்னும் முடியவில்லை, வேலை நடக்கிறது என்று அர்த்தமாம்.

"இதை எடுங்க சுஹாஸ்."

சுஹாஸ் எங்கெங்கோ தட்டினான். உதவிப் பக்கத்தைப் படித்தான். அதை எடுக்க இரண்டே இரண்டு வரி கோடிங் தெரிந்தால் போதும் என்று போட்டிருந்தது.

அவள் அந்த மஞ்சள் தொப்பியைக் கையால் மறைத்துக்கொண்டு தன் பத்து வரியையும் ஒரு முறை படித்துவிட்டு எழுந்தாள். புதன்கிழமை திரும்பி வந்து, ஊரில் ஓடும் ஒரு மாலைப் பத்திரிகைக்கு மெயில் அனுப்பினாள். அதில் பக்கத்தின் முகவரியும் வீட்டு விலாசமும் மட்டும் இருந்தன. தன் பெயர் பக்கத்திலேயே இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

இன்று அவள் கதவைத் தள்ளியபோதே சுஹாஸ் கை ஆட்டினான்.

"பேக பாங்க, சீக்கிரம்! நாப்பத்தொண்ணு!"

பக்கத்தின் அடியில் வந்து போனவர்களை எண்ணும் கருவி ஒன்று உண்டு. புதன்கிழமை அது ஒன்பது காட்டியது. ஒன்பதும் பிரதிபாதான். இப்போது நாற்பத்தொன்று. அதற்குக் கீழே விருந்தினர் புத்தகத்தில் மூன்று பேர் எழுதியிருந்தார்கள்.

முதல் ஆள்: 'அருமையான பக்கம். என் நாயின் பக்கத்துக்கும் ஒரு முறை வாருங்கள்.'

இரண்டாவது ஆள், ஏதோ ஒரு குளிர் தேசத்திலிருந்து: 'உங்கள் அழகான குடும்பத்துக்கு வாழ்த்துகள்!' 'என் குடும்பம்' ஜோடனையை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருப்பார் போலிருக்கிறது.

மூன்றாவது, அந்த மாலைப் பத்திரிகையின் நிருபர். பிரதிபா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

'மிஸ்டர் கிருஷ்ணராஜ், மகனை இழந்த ஒரு தகப்பன் இவ்வளவு தைரியமாக எழுதியது பெரிய விஷயம். கம்பெனியிடம் விளக்கம் கேட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு உங்களை வீட்டில் சந்திக்கிறேன்.'

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"தகப்பனா? எந்தத் தகப்பன்? நான் எழுதினேன்னுதானே இருக்கு?"

பக்கத்தின் கடைசி வரிக்குப் போனாள். போன வாரம் மஞ்சள் தொப்பியோடு மல்லுக்கட்டியதில் அவள் அதைக் கவனிக்கவே இல்லை. கம்ப்யூட்டர் தன் வழக்கப்படி முதல் பெயரைச் சுருக்கி, குடும்பப் பெயரை முழுசாக வைத்திருந்தது.

'எழுதியது: பி. கிருஷ்ணராஜ்.'

பிரதிபாவின் 'பி'. ஆனால் பெரியசாமி மகன் கிருஷ்ணராஜ் முப்பது வருஷமாக ரயில்வே ரிஜிஸ்டரில் போட்டுவந்த பெயரும் அதே. ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை.

"ஐயோ தேவரே," என்றான் சுஹாஸ். "உங்க தாத்தா பேரும் 'பி'ன்னு எனக்கு ஹேகே தெரியும்?"

"கம்பெனிக்கு போன் போட்டிருக்காங்க சுஹாஸ். அப்பா அங்கதான் போயிருக்காரு. இன்னிக்கு. இப்ப."

"பேர மாத்தலாமா பார்க்கறேன்." தட்டினான். திரும்பவும் உதவிப் பக்கம். திரும்பவும் இரண்டு வரி கோடிங். "மாத்த ஆகல்ல. முழுசா அழிக்க ஆகும். அதுக்கு மட்டும் பட்டன் வெச்சிருக்காங்க."

அந்தப் பட்டனை அழுத்தினால் 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆம், இல்லை.

பிரதிபா அம்புக்குறியை 'ஆம்' மேல் கொண்டுபோய் வைத்தாள். அழித்தால் அப்பாவுக்கு வம்பில்லை. அழித்தால் பரத் பலகை கேட்டான் என்பதற்கு உலகத்தில் எழுத்தாக வேறு எதுவும் இல்லை. கேட்டவன் செத்துவிட்டான், கூட நின்று கேட்ட லிங்கப்பனும் செத்துவிட்டான், மறுத்தவர் மறந்துவிட்டார்.

"ஏன்ரீ, அழுத்தறீங்களா?"

"இல்ல."

இல்லையை அழுத்திவிட்டு வெளியே வந்தாள்.

*

ஐந்தரை மணிக்கு கிருஷ்ணராஜ் திரும்பினார். சித்ரான்ன டப்பா கனம் குறையாமல் வந்தது. செருப்பைக் கழற்றாமலே கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பொன்னம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"போட்டாச்சாப்பா?" பிரதிபா கேட்டாள்.

"போட விடல." மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜைமேல் போட்டார். "எவனோ என் பேர்ல கம்ப்யூட்டர்ல எழுதிப் போட்டிருக்கான். மேனேஜர் நீட்டறாரு. 'ஒரு கையில வேலை கேக்கறீங்க, இன்னொரு கையில ஊருக்கெல்லாம் எங்களைத் திட்டறீங்க, சாமர்த்தியம்தான் கிருஷ்ணராஜ்'ங்கறாரு. நான் கம்ப்யூட்டரைத் தொட்டதே கெடையாதுன்னேன். சிரிக்கறாரு. எல்லாரும் சிரிக்கறாங்க."

பிரதிபா காகிதத்தைத் தொடவில்லை. மேலே மஞ்சள் தொப்பிக்காரன் கறுப்பு வெள்ளையில் நின்றுகொண்டிருந்தான். அச்சில் அவன் தோண்டவில்லை. மண்வெட்டியைத் தூக்கியபடியே உறைந்திருந்தான்.

"எழுதினது கூடப் போகட்டும்." கிருஷ்ணராஜின் விரல் அந்தப் படத்தின் மேல் போய் நின்றது. "இதைப் பாரு. குழி தோண்டற பொம்மை. என் புள்ள எதுல செத்தானோ அதையே பொம்மையாப் போட்டுக் கேலி பண்ணியிருக்கான். இவன் மனுஷனா? இவனுக்கு வீட்டுல அண்ணன் தம்பி கெடையாதா?"

"அது... அது தானா வந்திருக்கும்பா."

"தானா எப்படிம்மா வரும்?"

அதற்கு இரண்டு வரி கோடிங் அளவுக்கு நீளமான பதில் ஒன்று இருந்தது.

கிருஷ்ணராஜ் வெள்ளைத் தாள் ஒன்றும் பேனா ஒன்றும் எடுத்து அவள் முன்னால் வைத்தார். "போலீஸ்ல புகார் குடுத்து நகலைக் கொண்டுவந்தா நாளைக்குப் பத்து மணிக்குக் கையெழுத்து வாங்கிக்கறேன்னு சொல்லிட்டாரு. வேலையும் அப்பதான். ஆறு மணிக்குப் பேப்பர்காரன் வேற வரானாம். அவன் வர்றப்ப புகார் என் கையில இருக்கணும், 'இது நான் இல்லைய்யா'ன்னு காட்ட. நல்ல இங்கிலீஷா எழுது. இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு. பேர் தெரியாத ஆள் ஒருத்தன்..."

"அப்பா, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"எதுக்குப் படிக்கணும்? பேரைப் பார்த்தேன், பொம்மையைப் பார்த்தேன். போதாதா?"

"புகார் எழுதணும்னா என்ன எழுதியிருக்குன்னு சொல்லணுமில்லப்பா?"

குமாஸ்தாவுக்கு அது நியாயமாகப் பட்டது. இணைப்பு இல்லாமல் மனு இல்லை.

"சரி, படி. தமிழ்லயே சொல்லு, உங்கம்மாவும் கேக்கட்டும். ஊரு என்ன நினைக்குதுன்னு தெரியட்டும்."

பிரதிபா காகிதத்தை எடுத்தாள். தான் எழுதியதை யாரோ எழுதியதுபோல் வாசிக்கத் தொடங்கினாள்.

"'பரத் வேலையில பயம் தெரியாதவன். ஆனா மண்ணுக்குப் பயப்படுவான். மழையில நனைஞ்ச மண்ணு சொல்லாம வரும்னு சொல்வான். மே மாசம் இருபதாம் தேதி எஞ்சினியர்கிட்ட பலகை கேட்டான். இருபத்தஞ்சாம் தேதி கேட்டான். ஜூன் அஞ்சாம் தேதி கேட்டான்.'"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"'ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பிடறப்ப வீட்டுலயும் சொன்னான். நாளைக்கு இறங்கச் சொன்னா முடியாதுன்னு சொல்லிடப் போறேன்னான்.'"

அடுத்தது அந்த வரி. ஏழு தடவை அழித்து எட்டாவது தடவை எழுதியது. இங்கிலீஷில் அது சௌகரியமான வரி. யார் சொன்னார் என்று சொல்லாமலே, சொல்லப்பட்டது என்று எழுதி முடித்துவிடலாம். கல்லூரியில் அதைத் தனிப் பாடமாகவே நடத்துகிறார்கள். அப்பாவைக் காப்பாற்றுவதற்காகவே அவள் அந்தப் பாடத்தைப் பயன்படுத்தியிருந்தாள். இப்போது அதையே வாயால் தமிழில் சொல்ல வேண்டும். வீட்டுத் தமிழில் ஒருத்தர் சொன்னால்தான் ஒன்று சொன்னதாகும்.

"என்ன நின்னுட்டே? படி."

"'வீட்டுல... எதுத்துப் பேசாதே, எஞ்சினியர் சொல்றதைக் கேளு, கெடைச்ச வேலையைக் கெடுத்துக்காதேன்னு...'"

"ன்னு?"

"'...சொன்னாங்க.'"

"யாரு சொன்னாங்க? பேரு போட்டிருக்கானா?"

"போடல."

"அப்ப யாரு சொன்னதாம்?"

சமையலறை வாசலில் பொன்னம்மா வந்து நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கதான்," என்றாள். "ரெண்டாவது தடவை சாம்பார் ஊத்திக்கிட்டே சொன்னீங்க."

கிருஷ்ணராஜ் மனைவியைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அன்று அந்தச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தது நாலு பேர். அதில் ஒருவன் இல்லை. ஒருத்திக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. முப்பது வருஷம் டிக்கெட் கணக்கில் ஒற்றை வித்தியாசத்தைத் தேடிப் பிடித்தவருக்கு இதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அடிப்பார் என்று பிரதிபா நினைத்தாள். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"பேரு உங்க பேரா வரும்னு எனக்குத் தெரியாதுப்பா. என் பேரைத்தான் போட்டேன். அந்தப் பொம்மையும்..."

"எழுது," என்றார் கிருஷ்ணராஜ்.

"என்னப்பா?"

"புகாரை எழுது. பேர் தெரியாத ஆள்னே இருக்கட்டும்."

"தெரிஞ்சு போச்சேப்பா!"

"எனக்குத் தெரிஞ்சது. இன்ஸ்பெக்டருக்கு எதுக்குத் தெரியணும்? வேலைக்குப் போகப் போற பொண்ணு நீ."

"எனக்கு அந்த வேலை பேடா."

"உனக்கு வேண்டாம். எனக்கு வேணும்." அவர் குரல் உயரவே இல்லை. "ஒருத்தனைக் கெடைச்ச வேலையைக் காப்பாத்திக்கோன்னு சொல்லி அனுப்பிட்டேன். மிச்சம் இருக்கறது ஒண்ணு. அதையாவது ஃபேனுக்குக் கீழ உட்கார வெச்சுட்டுப் போயிடறேன்."

பிரதிபா பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். "அண்ணாதான் லிங்கப்பனைக் கொன்னான்னு என் கையால எழுத மாட்டேன்ப்பா."

"புகார்ல அது இல்ல."

"அதுக்குத்தானே இந்தப் புகார்?"

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மகள் வைத்த பேனாவைத் தொடாமல் தன் பையிலிருந்த இரண்டாவது பேனாவை எடுத்தார். தேதி போட்டார். 'இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு' என்று போட்டார். அவருடைய இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, வரிசையாக நிற்கும். ரயில் பெட்டிகள் மாதிரி என்று பரத் கேலி செய்வான்.

பொன்னம்மா அங்கேயே நின்றாள். மணி ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

மூன்றாவது வரியில் பேனா நின்றது.

"பிரதிபா."

"என்னப்பா?"

"தெரியாத ஆள்ங்கறதுக்கு... 'அன்நோன்'. அதுல நடுவுல ஒரு 'கே' உண்டா?"

முப்பது வருஷமாக, உரிமையாளர் தெரியாத சாமான்கள் என்று ரிஜிஸ்டரில் அந்த வார்த்தையை அவர் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அவர் கேட்டது எழுத்தை இல்லை என்றும் தெரியும். தலை நிமிராமல், மகள் ஏதாவது சொல்வாளா என்று அவர் காத்திருந்தார்.

"உண்டுப்பா," என்றாள். "சத்தம்தான் வராது."

கிருஷ்ணராஜ் தாளைப் பார்த்தபடியே இருந்தார்.

வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. கேட்டுக் கொண்டியை யாரோ தட்டினார்கள். பொன்னம்மா, இருவரையும் கேட்காமல், கதவைத் திறக்கப் போனாள்.